மாட்டுக்கு என்னங்க பண்ணுனாங்க?

பையனோட ஸ்கூல் ப்ராஜெக்ட்லதான் இது ஆரம்பிச்சது. ஷூ டப்பாவை வெட்டி, நாலு பாட்டில் மூடியை ஒட்டி, மேல என்னோட பழைய கைக்குட்டையை வளைச்சுக் கட்டி ஒரு வேகன் செஞ்சு வெச்சிருந்தான், ஓரிகன் டிரெயில்ல (அந்தக் காலத்துல அமெரிக்காவுல மேற்க குடிபோனவங்களோட வண்டித் தடம்) போன வேகனாம். ஊர்லருந்து வந்திருந்த அத்தை (மாமியார், தாராபுரம் பக்கம்) அதைக் கையில எடுத்து முன்னாடி பின்னாடி திருப்பிப் பாத்துட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்குது சாமி, மாடு எங்க?"ன்னாங்க. அவன் முழிச்சான். டீச்சர் வேகன் மட்டுந்தான் செய்யச் சொன்னாங்களாம். "மாடில்லாம வண்டி எப்புடிப் போகும், தள்ளிக்கிட்டா போனாங்க?" அதுக்கும் அவன்கிட்ட பதில் இல்ல, உண்மையைச் சொல்லணும்னா எங்கிட்டயும் இல்ல. டென்வர் வந்து ஒம்பது வருஷம் ஆச்சு, அந்த டிரெயில் நம்ம வீட்டுலருந்து நாலு மணி நேர டிரைவ்ல போகுதுன்னு தெரியும், ஆனா குதிரை பூட்டுனாங்களா மாடு பூட்டுனாங்களான்னு ஒரு நாள் யோசிச்சதில்ல.

அத்தை வந்து மூணு வாரம் ஆகியிருந்துது. ராக்கி மலை காட்டியாச்சு, ஏரி காட்டியாச்சு, மால் காட்டியாச்சு, எல்லாத்துக்கும் "நல்லாருக்குதுங்"னு ஒரே மார்க்தான். அதனால மே மாசக் கடைசில வந்த லாங் வீக்கெண்டுக்கு யெல்லோஸ்டோன் ப்ளானைத் தூக்கிப் போட்டுட்டு (ரூமும் கெடைக்கல, அது வேற விஷயம்) நெப்ராஸ்கா, வயோமிங் வழியா ஒரு ரவுண்டு போலாம்னு முடிவு பண்ணோம். ஆபீஸ்ல சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க, லீவுக்கு யாராவது நெப்ராஸ்கா போவாங்களான்னு.

போகலாம்ங்க. தாராளமா போகலாம்.

மொதல்ல போனது ஆஷ் ஹாலோ ஸ்டேட் ஹிஸ்டாரிகல் பார்க். லூவெல்லன்னு ஒரு சின்ன ஊருக்குப் பக்கத்துல இருக்கு. ஓகலாலா தாண்டி ஹைவே 26-ல ஏறினா ரெண்டு பக்கமும் வெறும் புல்லு, ஒரு மரம் கெடையாது, வானம் மட்டும் நம்ம தலை மேல கவுத்து வெச்ச மாதிரி. ஏசியை ஆஃப் பண்ணிட்டு ஜன்னலை எறக்கச் சொன்னாங்க அத்தை. காத்து பிச்சு எடுக்குது. "இத்தன புல்லு இருக்குது, ஒரு மாட்டையும் காணமே"ன்னாங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும் இந்த டிரிப் எந்தப் பக்கம் போகப் போகுதுன்னு.

இந்த டிரெயில் பத்தித் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். மிசௌரில இண்டிபெண்டன்ஸ்ங்கற ஊர்லருந்து மேற்க ஓரிகன் வரைக்கும் சுமார் 2,000 மைல், நம்ம கணக்குல 3,200 கிலோமீட்டர். ரோடுன்னு எதுவும் கெடையாது, ஆத்தோரமாவே போற தடம். 1843-ல சுமார் ஆயிரம் பேர் ஒரே கூட்டமா கெளம்புனதுலருந்துதான் இது பெருசாச்சு. அப்பறம் கலிபோர்னியால தங்கம் கெடைச்சதும் 1849-லருந்து கூட்டம் அள்ளிருச்சு, யூட்டாவுக்குப் போன மார்மன்களும் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) இதே பள்ளத்தாக்கு வழிதான். எல்லாம் சேத்து 3 லட்சத்துலருந்து 4 லட்சம் பேர் போயிருப்பாங்கன்னு கணக்கு சொல்றாங்க. 1869-ல கண்டத்துக்குக் குறுக்க ரயில் வந்ததும் அடங்கிப் போச்சு. புல்லு மொளைக்கற வரைக்கும் காத்திருந்து ஏப்ரல், மே வாக்குல கெளம்பணும், மேற்க மலைல பனி விழறதுக்குள்ள போய்ச் சேந்துடணும், நாலஞ்சு மாசம், சில பேருக்கு ஆறு மாசம். ஏன் புல்லு மொளைக்கணும்? மாடு திங்கணுமில்ல. அதாவது கிளம்பற தேதியை மனுசன் முடிவு பண்ணல, மாடுதான் முடிவு பண்ணுச்சு. இதை நான் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி கார்ல சொன்னப்ப அத்தை "பின்ன?"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சுட்டாங்க.

ஆஷ் ஹாலோ பார்க்ல விண்ட்லஸ் ஹில்னு ஒரு மேடு இருக்கு, மெயின் பார்க்குக்கு ரெண்டு மூணு மைல் முன்னாடியே வந்துடும். அதுதான் இங்க முக்கியம். தெற்கு பிளாட் ஆத்தைக் கடந்து, மேட்டுக்கு ஏறி, தண்ணியே இல்லாத சமவெளில 18, 20 மைல் வந்ததும் திடீர்னு தரை முடிஞ்சு போகும். கீழ பள்ளத்தாக்கு. 300 அடி எறக்கம், கிட்டத்தட்ட 25 டிகிரி சாய்வு. கிளம்புனதுலருந்து அது வரைக்கும் பெரிய எறக்கத்தையே பாக்காத ஆளுங்க, வண்டில ஒரு டன் சாமானோட மேல நின்னு எட்டிப் பாத்திருக்காங்க.

மேல போறதுக்கு நடைபாதை போட்டிருக்காங்க. ஏறிப் போய் நின்னா கீழ நம்ம கார் தீப்பெட்டி மாதிரி தெரியுது. சரிவுல ஆழமா வாய்க்கால் மாதிரி பள்ளங்கள் ஓடுது, அதுதான் வண்டித் தடம். வண்டிங்க இழுத்துக் கீறுன தடத்துல நூத்தம்பது வருஷத்துக்கு மேல மழைத்தண்ணி ஓடி இப்ப ஓடை மாதிரி ஆயிருச்சு. விண்ட்லஸ்னா கயிறு சுத்தற உருளை, ஆனா அப்படி ஒரு மெஷினை இங்க வெச்சதுக்கு ஆதாரம் எதுவும் கெடையாதாம், பேர் பின்னாடி ஒட்டிக்கிட்டது. நிஜத்துல என்ன பண்ணுனாங்கன்னா, பின் சக்கரத்து ஆரக்கால்ல சங்கிலி கோத்து சக்கரம் சுத்தாம பூட்டிருவாங்க, வண்டிக்குப் பின்னாடி கயிறு கட்டி ஆளுங்க தொங்கிக்கிட்டே வருவாங்க, வண்டி வழுக்கிக்கிட்டே எறங்கும். கயிறு விட்டுப் போனா கதை முடிஞ்சது. ஒடைஞ்ச வண்டிங்க கீழ நெறையக் கெடந்துதாம்.

நான் இதை போன்ல படிச்சு விளக்கிட்டு இருந்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அத்தை, "அதெல்லாஞ் சரிங் மாப்ளை, மாட்டுக்கு என்னங்க பண்ணுனாங்க?"

அதுதானே. எறக்கத்துல வண்டி மாட்டு மேல ஏறும்ல. தேடிப் பாத்தேன். முன்னாடி ஒரு ஜோடியை மட்டும் விட்டுட்டு மிச்ச மாடுங்களை அவுத்துருவாங்க, சிலர் அவுத்த மாட்டையே வண்டிக்குப் பின்னாடி கட்டி, பிரேக் மாதிரி, எதுர்ப் பக்கம் இழுக்க வெச்சிருக்காங்க. இதைச் சொன்னதும் அத்தை மொகத்துல மொத தடவையா ஒரு திருப்தி. அவங்க அப்பா கூண்டு வண்டில கோயில் நோம்பிக்குக் கூட்டிட்டுப் போவாராம், ஓடை எறக்கம் வந்தா எல்லாரையும் எறக்கி விட்டுட்டு, சக்கரத்துக்குக் கட்டை குடுத்துக்கிட்டு, அவரு மாட்டு மொகத்துக்கு முன்னாடி பின்பக்கமாவே நடப்பாராம், மாட்டைப் பாத்துக்கிட்டே, பேசிக்கிட்டே. "மாடு பயந்துச்சுன்னா பூட்டுன சக்கரமெல்லாம் ஒண்ணுக்கும் ஆவாதுங்"ன்னாங்க.

இந்தப் பேச்சு நடக்கறப்பவே என் பையன் பாதையை விட்டுட்டு ஓட ஆரம்பிச்சுட்டான், எறக்கத்துல மொத நாலு ஸ்டெப் அவன் ஓடுனான், அப்பறம் எறக்கம் அவனை ஓட்டுச்சு, நிக்க முடியாம கையைக் காலை விரிச்சுக்கிட்டே போய் ஒரு புதர்ல விழுந்தான். முட்டி ரெண்டும் சிராய்ப்பு. "பாம்பு இருக்கும்னு போர்டுல போட்டிருக்கு, கண்ணு தெரியலயா"ன்னு என் வைஃப் கத்துனது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டிருக்கும். அவன் அழுதுக்கிட்டே சொன்னது, "நான் நிக்கத்தான் பாத்தேன், கால் நிக்கல." இந்த மேட்டைப் பத்தி அதை விடச் சரியா எந்த போர்டும் சொல்லல.

எறங்கினா கீழ ஆஷ் ஹாலோ. ஆஷ்ங்கற மரம் இருந்த பள்ளம், அதான் பேரு. ஒரு நல்ல தண்ணி ஊத்து இருக்கு. அது வரைக்கும் பிளாட் ஆத்துத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு வந்தவங்க, அந்த ஆத்தைப் பத்தி அவங்களே கிண்டலா சொல்லுவாங்களாம், குடிக்கறதுன்னா ரொம்பக் கெட்டி, உழறதுன்னா ரொம்பத் தண்ணின்னு. அப்படி வந்தவங்களுக்கு இந்த ஊத்து அமுதம். அதனால எல்லாரும் இங்க ரெண்டு நாள் தங்கி, துணி தொவைச்சு, சக்கரம் ரிப்பேர் பாத்து, மாட்டை மேய விட்டுட்டுதான் போவாங்க. எல்லாரும் ஒரே எடத்துல தங்குனா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். தண்ணி கெட்டுப் போச்சு. காலரா வேற அந்த வருஷங்கள்ல கூடவே நடந்து வந்துச்சு.

லூவெல்லன் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டம், அதுல ரேச்சல் பாட்டிசன்னு ஒரு பொண்ணோட கல்லறை இருக்கு. வயசு 18. கல்யாணம் ஆகி மூணு மாசங் கூட ஆகல. 1849 ஜூன் 19, காலைல உடம்புக்கு முடியல, ராத்திரி போயிட்டா. காலரா அப்படித்தான். வீட்டுக்காரர் அந்த நாளை டைரில எழுதி வெச்சிருக்காரு, அதுவும் அவ்வளவு சின்னதாத்தான். அவளுக்காவது பேரு பொறிச்ச கல்லு இருக்கு. பல பேரைத் தடத்து நடுவுலயே பொதைச்சு, அடையாளம் தெரியக் கூடாதுன்னு, ஓநாய் தோண்டக் கூடாதுன்னு, அது மேலயே மாட்டையும் வண்டியையும் ஓட்டிட்டுப் போயிருக்காங்க. சினிமா பாத்துப் பாத்து நாமெல்லாம் செவ்விந்தியர் அம்பு விட்டுத்தான் இவங்க செத்தாங்கன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கோம், நிஜத்துல அதெல்லாம் ரொம்பக் கம்மி. காலரா, ஆத்துல முழுகறது, வண்டிச் சக்கரத்துல விழறது, சொந்தத் துப்பாக்கியே தவறி வெடிக்கறது, இதுலதான் போனாங்க. அத்தை அந்தக் கல்லு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. ஒண்ணும் கேக்கல. வரும்போது ஒரு சின்ன மஞ்சப் பூவைப் பறிச்சு வெச்சுட்டு வந்தாங்க.

ராத்திரி ஜெரிங்ல தங்குனோம். போற வழில சிம்னி ராக் பாத்தோம், சமவெளி நடுவுல ஒத்தை வெரலை நீட்டுன மாதிரி ஒரு பாறை, ரெண்டு மூணு நாள் தூரத்துலருந்தே அதைப் பாத்துக்கிட்டே வருவாங்களாம். லகோட்டாக்காரங்க (அந்தப் பக்கத்துப் பூர்வகுடிங்க) அதுக்கு வெச்ச பேரு வேற, ஒரு மானோட ஒரு உறுப்பு, அதுக்கு மேல சொல்ல மாட்டேன், மாமியார் இதைப் படிப்பாங்க.

மறுநாள் காலைல ஸ்காட்ஸ் பிளஃப். செங்குத்தான பாறை, கீழ பழைய டிரெயில், ஓரத்துல மாதிரிக்குச் செஞ்ச வேகன்களும் பொம்மை எருதுங்களும் நிறுத்தி வெச்சிருக்காங்க. அத்தை பாறையைப் பாக்கவே இல்ல. நேரா வண்டிகிட்ட போய், குனிஞ்சு அடில பாத்து, சக்கரத்தைத் தட்டி, சுத்தி வந்து, கடைசில நுகத்தடிகிட்ட நின்னாங்க.

"திமில் இல்லீங்களே."

பொம்மை எருதைத்தான் சொல்றாங்க. நம்ம ஊரு மாட்டுக்குத் திமில் இருக்கு, நுகத்தடி அதுக்கு முன்னாடி போய் உக்காந்துக்கும், மாடு திமிலால தள்ளும். இந்த ஊரு மாட்டுக்கு முதுகு சும்மா பலகை மாதிரி நேரா இருக்கு. அப்ப நுகத்தடி எங்க நிக்கும்? ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். கனமான மரத்தைக் கழுத்து வளைவுக்குத் தகுந்த மாதிரி செதுக்கி, கீழருந்து ஒரு மரக்கம்பை வளைச்சு, U எழுத்து மாதிரி, கழுத்தைச் சுத்தி மாட்டி மேல ஆணி அடிச்சிருக்கு. மாடு தோள்பட்டையால தள்ளுது. கயிறே இல்ல. மூக்கணாங்கயிறும் இல்ல. ஓட்டறவன் வண்டில உக்கார்றதும் இல்ல, மாட்டுக்கு இடது பக்கமா கூடவே நடக்கறான், 'ஜீ'ன்னா வலது, 'ஹா'ன்னா இடது, வாயும் சாட்டையும்தான் ஸ்டியரிங். "மூக்கணாங்கயிறு இல்லாம ரெண்டாயிரம் மைலா"ன்னு அத்தை ரெண்டு தடவை கேட்டாங்க, இந்த டிரிப்ல அவங்க நெஜமா ஆச்சரியப்பட்டது இதுக்கு மட்டுந்தான்.

வண்டி ரொம்பச் சின்னதுங்க. படத்துல பாக்கற மாதிரி பெரிய ரதமெல்லாம் இல்ல, நாலடி அகலம், பத்தடி நீளம், மேல ஆளி விதை எண்ணெய் தடவுன காட்டன் துணி. ஸ்பிரிங் கெடையாது. அதுக்குள்ள ஆளுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு உப்புக்கண்டப் பன்னி, காபிக்கொட்டை, சக்கரை, உப்புன்னு அடைச்சா மனுசன் உக்கார எடம் எங்க இருக்கு? அதனால எல்லாரும் நடந்தாங்க. ஆமா, 2,000 மைலும். மணிக்கு ரெண்டு மைல், ஒரு நாளைக்கு 15 மைல், மாட்டு ஸ்பீட்தான் எல்லாரோட ஸ்பீடும். கோவேறு கழுதை இதை விட வேகமாப் போகும், ஆனா வெலை ஜாஸ்தி, நல்ல தீவனம் கேக்கும், மெரண்டா ஓடிரும். எருது எந்தப் புல்லையும் திங்கும், பலம் ஜாஸ்தி, ராத்திரி எவனும் திருடிட்டு வேகமா ஓடவும் முடியாது. வேற வழியே இல்லன்னா அடிச்சுச் சாப்பிடலாம், இதை அத்தைகிட்ட நான் மொழிபெயர்க்கல.

அடி அச்சுல ஒரு வாளி தொங்குச்சு. நான் தண்ணிக்குன்னு நெனைச்சேன். அத்தை மோந்து பாக்கற மாதிரி மூக்கைக் கிட்ட கொண்டு போயி, "வண்டி மைக்குத்தானுங்"ன்னாங்க. அதேதான், தாரும் மாட்டுக் கொழுப்பும் கலந்த மை. அப்பறம் ஒண்ணொண்ணா அவங்க கேள்வி கேக்க நான் போன்ல தேடித் தேடிச் சொன்னேன். வெயில்ல மரம் சுருங்கி இரும்புப் பட்டா கழண்டா? ராத்திரி சக்கரத்தை ஆத்துல ஊறப் போடுவாங்க, ஆப்பு அடிப்பாங்க. லாடம்? ரெண்டு குளம்புக்கு ரெண்டு துண்டு, நம்ம ஊர் மாதிரியே. ஆனா எருது மூணு கால்ல நிக்காதுல்ல, ஊர்ல கயித்தப் போட்டுச் சாச்சுத்தான் அடிப்பாங்க, இவங்க ஒரு குழி வெட்டி அதுல மாட்டை மல்லாக்கப் படுக்க வெச்சு அடிச்சிருக்காங்க. லாடம் தீந்து போனவங்க காட்டெருமைத் தோல்ல செருப்பு மாதிரி தைச்சுப் போட்டிருக்காங்க. மேற்க போகப் போகக் களர் தண்ணி, குடிச்ச மாடு செத்துரும், அதுக்கு வைத்தியம் பன்னிக்கொழுப்பை வாய்க்குள்ள திணிக்கறது. பால் மாடும் சில பேர் கூடவே ஓட்டிட்டு வந்தாங்க. காலைல கறந்த பாலை மூடி போட்ட வாளில ஊத்தி வண்டில தொங்க விட்டா, சாயங்காலம் அது குலுங்குன குலுங்கல்ல வெண்ணெய் தெரண்டு நிக்கும்.

"மத்து மிச்சம்" அப்படின்னு சிரிச்சாங்க அத்தை.

அடுப்புக்கு? மரமே இல்லாத ஊர்ல வெறகு ஏது. காட்டெருமைச் சாணி. தானா காஞ்சு கெடக்கறதைப் பொறுக்கி எரிக்கறது. மொதல்ல பொம்பளைங்க அதைத் தொடவே கூச்சப்பட்டாங்களாம், ஒரு வாரம் போனதும் முந்தானை மாதிரி கட்டியிருந்த ஏப்ரன்ல அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டு நடந்திருக்காங்க. என் பையன் "யக்க்"ன்னான். "உங்கம்மா பொறந்தப்ப சுடுதண்ணி வெச்சதே வறட்டிலதான் கண்ணு"ன்னு அம்முச்சி சொன்னதும் அவன் அவங்கம்மாவை ஒரு மாதிரி பாத்தான். கார்ல ஏறுன பின்னாடியும் பாத்துக்கிட்டே வந்தான்.

இது வரைக்கும் ஜாலியாப் போச்சு. வயோமிங்குக்குள்ள நுழைஞ்சு, லிங்கிள்னு ஒரு ஊரைத் தாண்டி ஃபோர்ட் லாரமி போற வழில, ஓரமா ஒரு நினைவுக்கல்லு இருக்கற எடம். நான் இதைப் பத்தி முன்னாடியே படிச்சு வெச்சிருந்தேன், அத்தைகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஏன்னா இதுவும் ஒரு மாட்டுக் கதைதான்.

1854 ஆகஸ்ட். இந்தப் பக்கமா ஒரு மார்மன் கூட்டம் போகுது, அவங்க மாடு ஒண்ணு, நொண்டி மாடு, தப்பிப் போய் லகோட்டாக்காரங்க முகாம்குள்ள புகுந்துருச்சு. ஹை ஃபோர்ஹெட்னு ஒருத்தர் அதை அடிச்சுட்டார். சாப்பிட்டாங்க. மாட்டுக்காரர் கோட்டைல போய்ப் புகார் குடுத்தார். கான்கரிங் பேர்னு ஒரு தலைவர், அவர் பஞ்சாயத்துக்கு வந்தார், என் மந்தைலருந்து ஒரு குதிரை தர்றேன், இல்லாட்டி ஒரு மாடு தர்றேன்னு. மாட்டுக்காரர் 25 டாலர் வேணும்னாராம். 1851-ல போட்ட ஒப்பந்தப்படி இந்த மாதிரி வழக்கை அரசாங்கத்தோட ஏஜென்ட் வந்து தீக்கணும், அவர் வந்துக்கிட்டும் இருந்தார். அதுக்குள்ள ஆகஸ்ட் 19-ம் தேதி கிராட்டன்னு ஒரு சின்ன வயசு லெப்டினன்ட், 29 சிப்பாய், ரெண்டு பீரங்கி, குடிச்சிருந்த ஒரு மொழிபெயர்ப்பாளர், இவங்களைக் கூட்டிக்கிட்டு முகாமுக்குப் போய் ஆளை ஒப்படைன்னு நின்னார். பேச்சு முத்திப் போய், சுட்டுட்டாங்க. சமாதானம் பேச வந்த கான்கரிங் பேர் மேலதான் குண்டு பாஞ்சது, சில நாள்ல செத்துப் போனார். கிராட்டனும் அவர் கூட்டிட்டு வந்த சிப்பாய்களும் ஒருத்தர் பாக்கியில்லாம செத்தாங்க.

அடுத்த வருஷம், 1855 செப்டம்பர் 3, பழிவாங்க ஹார்னின்னு ஒரு ஜெனரல் சுமார் 600 படையோட வந்தார். எங்க வந்தார் தெரியுமா? நாங்க முந்தின நாள் நின்னோமே, ஆஷ் ஹாலோ, அதுக்கு நேர் எதுர்ல, வடக்கு பிளாட் ஆத்துக்கு அந்தப் பக்கம் ப்ளூ வாட்டர்னு ஒரு ஓடை, அங்க லிட்டில் தண்டர்ங்கற லகோட்டாத் தலைவரோட ஜனங்க கூடாரம் போட்டிருந்தாங்க. 86 பேரைக் கொன்னாங்க, அதுல நெறையப் பேர் பொம்பளைங்க, கொழந்தைங்க. 70 பேரைப் புடிச்சுட்டுப் போனாங்க. கூட வந்த வாரன்னு ஒரு ராணுவ இன்ஜினியர், அடிபட்டுக் கெடந்த பொம்பளைங்களும் பிள்ளைங்களும் அழுத சத்தத்தைப் பத்தித் தன் நோட்டுலயே எழுதியிருக்கார், ஆனா அவங்க விட்டுட்டு ஓடுன சாமானை அள்ளிச் சேத்ததும் அவரேதான், அது ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குப் போச்சு. தெற்கு டகோட்டாவோட உசந்த மலைக்கு அந்த ஹார்னி பேரைத்தான் வெச்சிருந்தாங்க, 2016-லதான் மாத்தி பிளாக் எல்க்னு வெச்சாங்க.

ஆனா ஒரு நொண்டி மாட்டுல இது ஆரம்பிச்சதுன்னு சொல்றதும் முழுசா சரியில்லன்னு எனக்குத் தோணுது. அதுக்கு முன்னாடியே வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல மாடுங்க இந்த ஆத்தோரப் புல்லை மேஞ்சு மொட்டையாக்கிட்டே போயிருக்கு. இந்தப் புல்லை நம்பி இருந்த காட்டெருமை, ஆத்தோரத்தை விட்டு வெலகிப் போச்சு. காட்டெருமையை நம்பி இருந்த ஜனங்களுக்கு, கண்ணு முன்னாடி ஒரு நொண்டி மாடு தானா நடந்து உள்ள வந்தா? போர்டுலயும் பாடப் புஸ்தகத்துலயும் 'முன்னோடிகள்'னு போடறாங்க, வெறும் எடத்துக்கு முதமுதலா வந்தவங்க மாதிரி. வெறும் எடமா அது? ஆஷ் ஹாலோவுல ஒரு குகை இருக்கு, இந்த வண்டியெல்லாம் வர்றதுக்குப் பல காலம் முன்னாடியே அதுல ஜனங்க தங்கியிருக்காங்க, அதே ஊத்துத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு. அந்தக் குகைப் பக்கம் நாங்களும் அஞ்சு நிமிஷம்தான் நின்னோம், வண்டித் தடத்துக்கு ஒரு மணி நேரம். இப்ப யோசிச்சா ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

கதையைச் சொல்லி முடிச்சேன். கார்ல யாரும் பேசல. கொஞ்ச தூரம் போனப்பறம் அத்தை கேட்டாங்க, "குதிரை தர்றேன்னு சொன்னாருங்களா, நொண்டி மாட்டுக்கு?"

"ஆமாங்க அத்தை."

"வாங்கிட்டுப் போயிருக்கலாம்ல."

கர்ன்சி ஊரைத் தாண்டி மொதல்ல ரெஜிஸ்டர் கிளிஃப். ஆத்தோரத்துல சொரசொரன்னு மணல்பாறைச் செவுரு, அதுல போனவங்க வந்தவங்கல்லாம் பேரு செதுக்கியிருக்காங்க. இப்ப போனவங்களும் செதுக்கி வெச்சிருக்கறதைப் பாத்தா கடுப்பாகுது, எந்த ஊரா இருந்தா என்ன, காதலர்கள் ஒரே மாதிரிதான். அன்தாங்க்னு ஒரே குடும்பத்துப் பேரு மூணு எடத்துல இருக்கு, 1850, 1869, 1931. மொதப் பேரைச் செதுக்குன ஆல்வாவுக்கு அப்ப 19 வயசு. ஜூன் 23-ம் தேதி இங்க பேரை வெட்டிட்டுப் போனவன், ஜூலை 2-ம் தேதி காலரால செத்துட்டான், இன்னுங் கொஞ்சம் மேற்க கிளென்ராக் பக்கத்துல கல்லறை. எழுத்து அவ்வளவு திருத்தமா இருக்கு, நின்னு நிதானமா வெட்டியிருக்கான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்துல வண்டித் தடம். இதுக்குத்தான் நான் முக்கியமா வந்தேன். மத்த எடத்துல எல்லாம் சமவெளி அகலமா இருக்கறதால புழுதி மேல படாம வண்டிங்க பரவிப் போகும், இங்க ஆறு ஒரு பக்கம் நெருக்க, எல்லா வண்டியும் ஒரே பாறை முகட்டு மேல ஏறித்தான் ஆகணும். பாறை மெதுவான மணல்பாறை. ஆயிரக்கணக்கான சக்கரம் ஒண்ணு மேல ஒண்ணு அதே எடத்துல ஏறி ஏறி அஞ்சடி ஆழத்துக்கு வெட்டி வெச்சிருக்கு. போட்டோவுல பாத்திருந்தேன், ஆனா உள்ள எறங்கி நிக்கும்போது வேற. என் பையன் தலை வெளிய தெரியல. அத்தைக்குத் தோள் வரைக்கும். காத்துச் சத்தம் சட்டுனு நின்னு போச்சு, ரெண்டு பக்கமும் கல்லுச் செவுரு, சூடு.

நான் செவுத்துல சக்கரம் ஒரசுன கோட்டைத் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தேன், வைஃப் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தா. அத்தை செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, தடத்து நடுவுல நடந்தாங்க. மெதுவா, காலால தேய்ச்சுத் தேய்ச்சு. அப்பறம் குந்த வெச்சு உக்காந்து கையால தடவுனாங்க.

"மாப்ளை, இங்க வாங்க."

போனேன்.

"சக்கரம் ஓரத்துலதானுங்க ஓடும். நடுவுல என்னத்துக்குங்க இப்புடி வழவழன்னு பள்ளமா இருக்குது?"

நானும் கையை வெச்சுப் பாத்தேன். வெயில்ல கல்லு சுட்டுது. ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல, வண்டிக்கு முன்னாடி ஜோடி ஜோடியா நடந்து போற எடம். அத்தை பையனைக் கூப்பிட்டு அவன் கையையும் புடிச்சு அங்க வெச்சாங்க.